தண்ணீர் நிற்காத தெரு

ஃபஸீலாவின் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்க அரை நிமிடம்கூட ஆகாது. ரேஷ்மா, முகமது ஆசிக், மோகன். அவ்வளவுதான். சென்னீர்குப்பத்தைத் தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் அந்தத் தனியார் கலைக் கல்லூரியில் இதழியல் படிப்பு தொடங்கிய வருடம் பத்தொன்பது பேர் சேர்ந்தார்கள். மறுவருடம் ஏழு பேர். அதற்கடுத்த வருடம் இந்த மூவர். பிறகு சேர்க்கை விளம்பரத்திலிருந்தே அந்தப் படிப்பின் பெயரை எடுத்துவிட்டார்கள். மூத்தவர்கள் படித்து முடித்துப் போய்விட, 2025 ஜனவரியில் துறை என்று சொல்ல மிஞ்சியது மூன்று மாணவர்கள், ஓர் ஆசிரியர், பதினாறு கம்ப்யூட்டர்கள் உள்ள ஒரு லேப். அதில் பதின்மூன்று கம்ப்யூட்டர்கள் துணி போர்த்தியபடியே கிடந்தன.

ஃபஸீலாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பூந்தமல்லியில் பிறந்து வளர்ந்தவர். ஒரு நாளிதழில் பதினான்கு வருடம் வேலை பார்த்தார். கடைசி ஐந்து வருடம் அதன் இணையதளப் பிரிவில். அந்தப் பிரிவை ஒரு நாள் மொத்தமாகக் கலைத்தபோது, பதினோரு பேரோடு அவரும் வெளியே வந்தார். கையில் எம்.ஏ. இருந்ததால் கல்லூரி வேலை கிடைத்தது. கணவர் ராஷித் தோஹாவில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளர். பத்தொன்பது வருடமாக அங்கேதான். "அடுத்த வருஷம் முடிச்சுட்டு வந்துடுறேன்" என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார். பொய் சொல்கிறவர் அல்ல. ஒவ்வொரு முறையும் நம்பித்தான் சொல்வார். மகள் உஸ்மா திருச்சியில் விடுதியில் தங்கிப் பொறியியல் படித்தாள். கரையான்சாவடியில் மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில், மூன்றாவது மாடி வீட்டில் ஃபஸீலா தனியாக இருந்தார்.

காலை ஏழரைக்குப் பூட்டும் கதவை மாலை ஐந்தரைக்குத் திறப்பார். திறந்து உள்ளே போனதும் தாழ்ப்பாள் போட்டுவிடுவார். ராஷித்திடமிருந்து தினமும் எட்டு மணிக்கு அழைப்பு வரும். சாப்பிட்டாயா, உஸ்மா பேசினாளா, மோட்டார் சரியாக ஓடுகிறதா என்ற மூன்று கேள்விகள். ஆரம்பத்தில் ஒரு மணி நேரம் பேசியவர்கள்தான். சொல்லச் சொல்லத் தீர்ந்துபோய், அது நான்கு நிமிடத்துக்கு வந்துவிட்டது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேறு யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே போவது உண்டு. திங்கட்கிழமை முதல் வகுப்பில் அவர் இரண்டு முறை செருமிய பிறகுதான் குரல் வரும்.

வகுப்பில் அவர் வேறு ஆள். பாடப்புத்தகத்தை மேசைமேல் வைப்பார், திறக்க மாட்டார்.

"செய்தி எழுதுறது எப்படின்னு நான் சொல்லி நீங்க எழுதிக்கிட்டா பரீட்சைக்கு உதவும். வேற எதுக்கும் உதவாது" என்று முதல் நாளே சொல்லிவிடுவார்.

ஒவ்வொரு வருடமும் மாணவர்கள் ஏதாவது ஒன்றை உருவாக்கி இணையத்தில் ஏற்றியாக வேண்டும். படித்துவிட்டுப் போகிற பக்கமாக அது இருக்கக் கூடாது. பார்க்கிறவர் தொட்டு, நகர்த்தி, தன் தெருவைத் தேடிப் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். முதல் அணி ஆவடி ரயில் நிலையத்தின் சத்தங்களைப் பதிவு செய்து, நேரத்தைத் தொட்டால் அந்த நேரத்துச் சத்தம் கேட்கும்படி ஒரு பக்கம் செய்தது. அதை நிலையத்து டீக்கடைக்காரர்தான் நிறைய முறை கேட்டார் என்று பிறகு தெரிந்தது.

இந்த மூவருக்கும் ஃபஸீலா கொடுத்த வேலை தண்ணீர். 2023 டிசம்பர் மழையில் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதற்கு ஒரு வரைபடம். ஒரு தெருவுக்குப் போக வேண்டும். மழையின்போது அங்கே இருந்தவர் ஒருவரைக் கண்டுபிடித்து, தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் கையை வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். அந்த உயரத்தை இஞ்ச் டேப்பால் அளக்க வேண்டும். அவர் பேசுவதை இரண்டு நிமிடம் பதிவு செய்ய வேண்டும். வரைபடத்தில் ஒரு தெருவைத் தொட்டால், ஒரு மனித உருவம் வரும். பக்கத்தில் இருக்கும் கோட்டை விரலால் இழுத்தால் தண்ணீர் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஏறி, அளந்த உயரத்தில் நின்றுவிடும். அப்போது அந்தத் தெருக்காரரின் குரல் கேட்கும்.

அந்த உருவத்தையும் ஏறுகிற தண்ணீரையும் செய்தவள் ரேஷ்மா. ஆவடியிலிருந்து வருகிற பெண். வகுப்பில் பேசவே மாட்டாள்; கேட்ட கேள்விக்குப் பதிலை எழுதி நீட்டுவாள். ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், மற்ற இருவரும் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்வதை ஒரு மதியத்தில் முடித்துவிடுவாள். தண்ணீர் ஏறும்போது அந்த உருவத்தின் கைகள் மெல்ல மேலே போகும். அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை.

"கையை ஏன் தூக்க வெச்ச?" என்று கேட்டார் ஃபஸீலா.

ரேஷ்மா திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "தண்ணியில நடக்குறப்ப எல்லாரும் கையைத் தூக்கிக்குவாங்க மேம்."

தெருக்களைப் பிரிக்கும்போது ஃபஸீலா ஒரு விதி வைத்தார்: யாரும் சொந்தப் பகுதிக்குப் போகக் கூடாது. தெரிந்த இடத்தில் தெரிந்தவர்கள் சொல்வது மட்டும்தான் காதில் விழும் என்பது அவருடைய அனுபவம். அதனால் பூந்தமல்லிக்காரனான ஆசிக்குக்கு அம்பத்தூர் பக்கம் வந்தது. அம்பத்தூர் மோகனுக்கு ஆவடி. ரேஷ்மாவுக்குக் கரையான்சாவடியும் சென்னீர்குப்பமும். இன்னொரு விதியும் இருந்தது. பேசியவரின் தொலைபேசி எண்ணை வாங்கி வர வேண்டும். ஃபஸீலாவே அழைத்துச் சரிபார்த்த பிறகுதான் பக்கத்தில் ஏறும்.

பிப்ரவரி நடுவில் கல்லூரிக்கு ஓர் ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. அதற்குள் ஏதாவது காட்டியாக வேண்டும் என்று முதல்வர் ஜெகதீசன் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். மற்ற இருவரும் ஆளுக்குப் பத்துத் தெரு முடித்திருந்தார்கள். ரேஷ்மாவின் பகுதி வெறுமையாக இருந்தது.

"பக்கத்தை அழகா செஞ்சுட்ட. ஆனா உன் தெருவுல ஒரு குரல்கூட இல்லையே. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணாவது வேணும்" என்றார் ஃபஸீலா.

வெள்ளிக்கிழமை ஒரு குரல் வந்தது. சென்னீர்குப்பம், பஜனை கோயில் இரண்டாவது குறுக்குத் தெரு. தண்ணீர் நூற்றுப் பதினெட்டு சென்டிமீட்டர். பேசியவர் பெயர் சொல்ல விரும்பாத ஒரு பெண். தொலைபேசி எண் இருக்க வேண்டிய கட்டத்தில் 'தர மறுத்தார்' என்று எழுதியிருந்தது. ஃபஸீலா அதைப் பார்த்தார். திங்கட்கிழமை ஆய்வு. குரலைக் கேட்டார். அந்தப் பெண், தையல் மெஷினைக் கட்டில்மேல் ஏற்றியதையும், கட்டிலே மிதக்க ஆரம்பித்ததையும், தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மார்பளவுத் தண்ணீரில் நடந்ததையும் சொன்னாள். நடுவில் ஓர் இடத்தில் குரல் உடைந்து, பிறகு தொடர்ந்தது. பதினான்கு வருடம் செய்தி பார்த்தவர் ஃபஸீலா. நடிப்புக் குரல் எது, நிஜக் குரல் எது என்று அவருக்குத் தெரியும். இது நிஜம். பக்கத்தில் ஏற்றச் சொன்னார்.

ஆய்வுக் குழுவில் இருந்த ஒருவர் அந்தக் குரலை இரண்டு முறை கேட்டார். ஓர் உள்ளூர் யூடியூப் சேனல் அந்தப் பக்கத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசியது. இரண்டே வாரத்தில் பன்னிரண்டாயிரம் பேர் பார்த்தார்கள். அதில் பாதிப் பேர் தொட்டது அந்தக் குறுக்குத் தெருவைத்தான். மூன்று பேரையும் கேன்டீனுக்கு அழைத்துப்போய் ஃபஸீலா சமோசா வாங்கிக் கொடுத்தார். ஆசிக்கும் மோகனும் சத்தமாகப் பேசிச் சிரித்தார்கள். ரேஷ்மா சமோசாவைப் பாதியில் வைத்துவிட்டாள்.

மார்ச் முதல் வாரத்தில் ஒரு பெரியவர் கல்லூரி வாசலுக்கு வந்து, "தண்ணி மேப் போட்ட மேடத்தைப் பாக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். பெயர் சுப்பராயன். ஆவடி டாங்க் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் குறுக்குத் தெருவில் இருபத்தாறு வருடமாக வீடு.

"நான் சண்டை போட வரல மேடம். எங்க தெருவுல தண்ணி நிக்கல. அதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்" என்றார்.

ஃபஸீலாவுக்கு முதலில் புரியவில்லை. சுப்பராயன் தன் மாடி வீட்டைப் பற்றிச் சொன்னார். இரண்டு மாதமாகக் காலியாக இருக்கிறது. வாடகைக்குக் கேட்டு ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி இரண்டு பேரும் ஐ.டி. வேலை, கைக்குழந்தை, வீடு பிடித்துப்போய், நாள்கூடப் பார்த்துவிட்டார்கள். பால் காய்ச்சுவதற்கு இரண்டு நாள் முன்னால் அந்தப் பையன் மனைவியோடு வந்து போனைக் காட்டினான். விரலால் இழுத்தான். தண்ணீர் ஏறி ஏறி, அந்தப் படத்து ஆளின் மார்பில் நின்றது.

"அந்தப் பொண்ணு குழந்தைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டு என்னையே பாத்துச்சு மேடம். நான் ஏதோ மறைச்ச மாதிரி. மாடி வீட்டுக்கு ஏம்மா பயம்னு கேக்கலாம்னு பாத்தேன். கேக்க முடியல. எங்க ஊட்டுக்காரி சரசா சொன்னா, அந்த லேடி யாருன்னு கேட்டுட்டு வாங்க, நம்ம தெருவுல தையல் மெஷின் வெச்சிருக்கறது யாரும் கிடையாதேன்னு."

போனில் ஒரு புகைப்படம் காட்டினார். அந்த டிசம்பர் மழையின் இரண்டாம் நாள் எடுத்தது. தெரு நனைந்திருந்தது. குடை பிடித்தபடி சுப்பராயன் செருப்புக் காலோடு நடுத்தெருவில் நின்றார். செருப்பின் வார் தெரிந்தது.

அன்று மதியமே ஃபஸீலா தனியாக அந்தத் தெருவுக்குப் போனார். மொத்தம் முப்பத்தோரு வீடு. இருபத்திரண்டு வீட்டுக் கதவு திறந்தது. எல்லா இடத்திலும் ஒரே பதில். மேட்டுத் தெரு, மழை பெய்தால் இரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடும். ஒருவர் மட்டும், "எங்க தெருவுல தண்ணி நின்னுச்சுன்னு நியூஸ்ல வந்துச்சே, எந்த வீட்டுலன்னு நாங்களும் தேடிக்கிட்டு இருக்கோம்" என்றார்.

மறுநாள் மற்ற இருவரும் சாப்பிடப் போன பிறகு ரேஷ்மாவை லேப்பில் இருக்கச் சொன்னார் ஃபஸீலா. அவர் எதுவும் கேட்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"யாரு குரல் அது?"

"எங்கம்மா."

"எங்க நடந்தது?"

"முன்னாடி இருந்த வீட்டுல. ஆவடியில ரயில்வே லைன் ஓரமா. தோள்ல தூக்கிட்டுப் போனது என் தம்பிய."

"அந்தத் தெருவுக்குப் போனியா, இல்லையா?"

"ரெண்டு தடவ போனேன் மேம். தெருமுனையில நின்னேன். ரெண்டாவது தடவ ஒரு வீட்டு காலிங் பெல் மேல கை வெச்சேன். அமுக்க முடியல. யாராவது கதவைத் தொறந்து, யார் நீ, என்ன வேணும்னு கேட்டா எனக்கு வாய் வராது. நீங்க வெள்ளிக்கிழமைக்குள்ளன்னு சொன்னீங்க. அம்மாகிட்ட ஒரு வேலைக்குன்னு சொல்லி பேச வெச்சேன். அவங்க அழுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

அவள் அழவில்லை. கீபோர்டின் ஓரத்து அழுக்கை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். ஃபஸீலா அவளைத் திட்ட நினைத்துத்தான் வந்திருந்தார். ஆனால் அந்த எண் இல்லாத கட்டம் கண் முன்னால் நின்றது. பேச முடியாத ஒரு பெண்ணை முப்பத்தோரு கதவுகளுக்கு முன்னால் தனியாக அனுப்பியது அவர். கூடப் போயிருக்கலாம். ஆசிக்கைத் துணைக்கு அனுப்பியிருக்கலாம். அது தோன்றவே இல்லை.

"உங்கம்மா சொன்னது நிஜம். இடம் பொய். நாம போடறது வரைபடம். அதுல இடம் பொய்யானா எல்லாம் பொய்" என்று மட்டும் சொன்னார்.

ஃபஸீலா போய் நடந்ததைச் சொன்னதை முதல்வர் ஜெகதீசன் கேட்டுக்கொண்டார். பிறகு, "சத்தமில்லாம எடுத்துடுங்க மேடம். யாருக்கும் தெரியாது. ரிப்போர்ட்ல ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க" என்றார்.

"பன்னிரண்டாயிரம் பேர் பாத்துட்டாங்க சார். எடுத்துட்டா அவங்களுக்கு அது உண்மையாவே இருக்கும்."

"கோர்ஸே முடியப்போகுது. இப்பப் போய் எதுக்கு?"

"முடியப்போகுதுன்னுதான் சார்."

அன்று மாலை அந்தப் பக்கத்தின் மேற்பகுதியில் ஒரு திருத்தம் வந்தது. சென்னீர்குப்பம் பஜனை கோயில் இரண்டாவது குறுக்குத் தெருவில் 2023 மழையில் தண்ணீர் நிற்கவில்லை. இங்கே ஒலித்த குரல் அந்தத் தெருவில் வசிப்பவருடையது அல்ல; வேறு இடத்தில் நடந்த உண்மைச் சம்பவத்தைச் சொல்வது. சரிபார்க்காமல் வெளியிட்டது நான். அந்தத் தெருவாசிகளிடம் வருந்துகிறேன். கீழே ஃபஸீலாவின் பெயர் மட்டும் இருந்தது. மாணவர் யார் என்று அவர் எழுதவில்லை. ஆனால் வகுப்பில் இருந்ததே மூன்று பேர். கல்லூரி முழுக்க ஒரே நாளில் தெரிந்துவிட்டது.

திருத்தத்தை ஐந்நூறு பேர்தான் பார்த்தார்கள். சுப்பராயன் அதைத் தன் தெருவின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டு, 'நன்றி மேடம்' என்று ஒரு செய்தி அனுப்பினார். அந்தக் கைக்குழந்தைக் குடும்பம் அதற்குள் குமணன்சாவடிப் பக்கம் வேறு வீடு போய்விட்டிருந்தது.

ரேஷ்மா கல்லூரிக்கு வருவதை நிறுத்தினாள். ஃபஸீலா நான்கு முறை அழைத்தார். மணி அடித்து அடித்து நின்றது. ஐந்தாவது முறை அவளுடைய அம்மா எடுத்து, "பரீட்சைக்கு வருவா மேடம். அதுவரைக்கும் விட்டுடுங்க" என்றார். அந்தக் குரலை ஃபஸீலா உடனே அடையாளம் கண்டுகொண்டார். சரி என்று வைத்துவிட்டார்.

ரேஷ்மாவின் பகுதியில் மிச்சம் இருந்த தெருக்களை யாராவது முடிக்க வேண்டும். சென்னீர்குப்பத்தை ஆசிக்கும் மோகனும் பிரித்துக்கொண்டார்கள். கரையான்சாவடியை ஃபஸீலாவே எடுத்துக்கொண்டார். தான் வைத்த விதியைத் தானே மீறுகிறோம் என்று தெரிந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், தன் தெருவிலேயே அவருக்குத் தெரிந்தவர் என்று யாரும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இஞ்ச் டேப்போடு கீழே இறங்கினார். தன் குடியிருப்பிலிருந்தே தொடங்கினார். மோட்டார் ரூமுக்குப் பக்கத்து அறையில் வாட்ச்மேனின் மனைவி அஞ்சலை வாளியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இங்கே வரிக்கும் வந்துச்சுமா. இதோ, இந்த சுவிட்ச் போர்டுக்குக் கீழ" என்று இடுப்பு உயரத்தில் கையை வைத்துக் காட்டினாள். "என் பொட்டி, பாயி எல்லாம் போச்சு. நானும் எங்க ஊட்டுக்காரரும் மேல ஓடிட்டோம், ஹேமாவதி அம்மா ஊட்டுக்கு. நீங்கோ வாங்கோ, அவங்களையும் கேளுங்கோ."

இரண்டாவது மாடியில் ஹேமாவதி கதவைத் திறந்தார். தர்மபுரியிலிருந்து வந்த குடும்பம், ஆறு வருடமாக அதே வீடு. ஃபஸீலாவைப் பார்த்து யாரென்று தெரியாமல் சிரித்தார். அஞ்சலைதான், "மூணாவது மாடிமா, காலேஜ் டீச்சர்" என்று சொன்னாள். ஃபஸீலாவுக்குக் காபி வந்தது. போனை மேசையில் வைத்துப் பதிவை ஓட விட்டார்.

ஹேமாவதிக்கு அந்த மூன்று நாள் நேற்று நடந்த மாதிரி நினைவிருந்தது. கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை. கீழ்த்தளத்து நான்கு குடும்பமும் மேலே வந்துவிட்டது. அவர் வீட்டில் மட்டும் இரண்டு சிலிண்டர் இருந்தது. பெரிய குக்கரில் சாதம், ஒரே குழம்பு. எல்லா வீட்டிலிருந்தும் அரிசி, பருப்பு கொண்டுவந்து கொட்டினார்கள். பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து பாட்டுக்குப் பாட்டு விளையாடின.

"முன்ன பின்ன பேசாதவங்க எல்லாம் அந்த மூணு நாள்ல பேசினோம். பில்டிங்ல இருந்த எல்லாருமே இங்கதான் சாப்பிட்டாங்க. மேல மூணாவது மாடில ஒரு வீடு பூட்டியிருந்துச்சு, அவங்க ஊர்ல இல்ல. மத்தபடி எல்லாரும்."

ஃபஸீலா போனைப் பார்த்தார். பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

"நான் உள்ளதான் இருந்தேன்" என்றார்.

உள்ளே எங்கோ குக்கர் ஒரு முறை விசிலடித்தது.

"உள்ளயா?" என்றார் ஹேமாவதி. "மூணு நாளும்?"

"ஆமா. கீழ சத்தம் கேட்டுச்சு. பசங்க பாடறது கேட்டுச்சு."

"ஐயோ. நாங்க வந்து தட்டியிருக்கணும்."

அஞ்சலைதான் சொன்னாள். "வெளிய செருப்பு இல்லமா. மாடி மாடியா நான்தானே பாத்துக்கினு வந்தேன். எல்லா ஊட்டு வாசல்லயும் செருப்பு கீது. உங்கோ ஊட்டாண்ட இல்ல. அதான் ஆளு இல்லன்னு வந்துட்டேன்."

ஃபஸீலா செருப்பை எப்போதும் உள்ளேதான் வைப்பார். அந்த மூன்று நாளும் அவர் பிஸ்கட்டும் அவலும் சாப்பிட்டார். இரண்டாம் நாள் மத்தியானம் தாளிக்கிற வாசனை படியேறி வந்தபோது கதவுவரை போனார். தாழ்ப்பாளில் கை வைத்தார். இத்தனை நாள் முகம் கொடுத்துப் பேசாதவள் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து நிற்கிறாளே என்று நினைப்பார்கள் என்று தோன்றியது. திரும்பி வந்து படுத்துக்கொண்டார். டவர் வந்ததும் ராஷித்திடம், இங்கே ஒன்றும் பிரச்சினை இல்லை, தண்ணீர் கீழேயே நின்றுவிட்டது என்று சொன்னார். இதில் எதையும் அவர் ஹேமாவதியிடம் சொல்லவில்லை. காபி நன்றாக இருந்தது என்றார். சுவிட்ச் போர்டுக்குக் கீழே அளந்தார். எண்பத்து நான்கு சென்டிமீட்டர்.

திங்கட்கிழமை ஆசிக் அந்தப் பதிவை ஹெட்போனில் கேட்டுவிட்டுத் திரும்பினான். "மேம், கடைசில வர்ற குரல் உங்களோடதா?"

"ஆமா."

"கட் பண்ணிடவா?"

"வேணாம். ஒரு வீடு பூட்டியிருந்துச்சுன்னு அவங்க சொல்றாங்க. அது தப்பு. திருத்தமும் அதுலயே இருக்கு. அப்படியே போடு."

அப்படியே ஏறியது. சில நாள் கழித்து, எட்டு மணி அழைப்பில் ராஷித் மூன்று கேள்விகளைக் கேட்கவில்லை.

"அந்தப் பக்கத்துல நம்ம பில்டிங்கைத் தொட்டுப் பாத்தேன். மூணு நாளா ஃபஸீ? எங்கிட்ட சொல்லவே இல்ல."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றார் ராஷித்.

"அதான் சொல்லல."

ஆகஸ்ட்டில் அவர் இருபது நாள் விடுப்பில் வந்தார். வீட்டுக் குழாய்களை எல்லாம் மாற்றினார், ஹேமாவதியின் கணவரோடு ஒருநாள் மொட்டை மாடித் தொட்டியைக் கழுவினார். செப்டம்பரில் திரும்பிப் போனார்.

அதற்கு முன்பே, ஏப்ரலில், துறை மூடப்பட்டது. ரேஷ்மா தேர்வுக்கு வந்தாள், எழுதினாள், ஃபஸீலா மேற்பார்வையாளராக நின்ற அறைக்கு அவள் எண் விழவில்லை. மூன்று பேரும் தேறினார்கள். கம்ப்யூட்டர்களை வணிகவியல் துறைக்கு மாற்றினார்கள். ஃபஸீலாவுக்கு பி.காம். முதலாண்டுக்குத் தொடர்புத்திறன் பாடம் கொடுத்தார்கள். அறுபத்தெட்டு பேர் உள்ள வகுப்பு. பெயர்கள் மனதில் நிற்பதற்குள் பருவம் முடிந்துவிடும். விண்ணப்பக் கடிதம் எழுதுவது, நேர்முகத் தேர்வில் உட்காருவது. புத்தகத்தைத் திறந்து வைத்து நடத்துகிற பாடம்.

குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் ஹேமாவதி அவரைச் சேர்த்துவிட்டார். ஒரு வாரம் படிக்கட்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் நின்று பேசினார்கள். ஒருநாள் யாரோ கேசரி கொண்டுவந்து கொடுத்தார்கள். ஃபஸீலா அந்தக் கிண்ணத்தில் பேரீச்சம்பழம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு அவரவர் வேலை அவரவருக்கு. குழுவில் மோட்டார் பற்றியும் வண்டி நிறுத்துவது பற்றியும் செய்தி வரும். அவர் படிப்பார், கட்டை விரல் படத்தைப் போடுவார்.

அக்டோபரில் ஒரு மாலை பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் ஆவடி பஸ் நிற்கும் இடத்தில் ரேஷ்மாவைப் பார்த்தார். கழுத்தில் அடையாள அட்டை. பார்த்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தார். அவள் இரண்டு அடி முன்னால் வந்தாள்.

"எப்படி இருக்கீங்க மேம்?"

"நல்லா இருக்கேன். நீ எங்க இருக்க?"

"இங்கதான், ஒரு கால் சென்டர். ஒரு நாளைக்கு நூத்தி இருபது பேர்கிட்ட பேசணும்."

ஃபஸீலா வியப்பை மறைக்க முயன்றார். ரேஷ்மா அதைப் பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தாள்.

"முகம் தெரியாது மேம். அதனால பேசிடறேன். வீட்டுக்குப் போனா அம்மாகிட்டகூடப் பேச வர்றதில்ல."

"அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க. அவங்க குரலை எடுத்துட்டீங்கன்னு சொன்னேன். அப்ப நான் சொன்னதெல்லாம் வீணான்னு கேட்டாங்க."

"வீண் இல்லன்னு சொல்லு. அவங்க இருந்த தெருவை மோகன் அளக்கவே இல்ல. அவங்க சம்மதிச்சா அந்த இடத்துலயே போடலாம். பக்கம் இன்னும் இருக்கு."

"கேக்கறேன் மேம்" என்றாள் ரேஷ்மா. கேட்பாளா என்று அவள் முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

ஆவடி பஸ் வந்தது. கூட்டத்தோடு அவள் ஏறினாள். உள்ளே போய் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்ததா என்று ஃபஸீலா எட்டிப் பார்த்தார். நின்றவர்களின் முதுகுதான் தெரிந்தது. பஸ் திரும்பிப் போனது. வீட்டுக்கு நடக்கிற தூரம்தான். வழியில் அரை லிட்டர் பால் வாங்கிக்கொண்டு, மெட்ரோ தூண்களுக்குக் கீழே கரையான்சாவடியைப் பார்த்து நடந்தார்.